பெரட்டுக்களத்தில் பங்கிட்ட குட்டிகள்

2003ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறரை மணிக்கு, கஹவத்தைக்கு மேலேயுள்ள பெல்கஸ்மலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் போட்டு முடிந்த கையோடு, ஆறு நாய்க்குட்டிகள் ஆறு குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பகிர்ந்தளித்தவர் கணக்கப்பிள்ளை அழகமுத்து. பெற்றுக்கொண்ட அறுவரும் எல்லோருக்கும் முன்பாகச் "சரிங்கய்யா" என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் ஐந்து குட்டிகள் கொடுத்த வீடுகளில் இல்லை. ஆறாவது குட்டி இருந்த இருப்பு, இல்லாதிருந்தால் நல்லது என்று சொல்லத்தக்கதாக இருந்தது.

ஜீவராணி அந்தப் பிரிவின் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். சேலைத் தொட்டில்கள் ஒரே உயரத்தில் தொங்க வேண்டும், பால் போத்தல்கள் வரிசை கலையாமல் நிற்க வேண்டும், மூக்கு வடியும் பிள்ளை மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுக்கக் கூடாது என்பவற்றில் அவளிடம் விட்டுக்கொடுப்புக் கிடையாது. பிள்ளையைத் தூக்கப் பிந்தி வரும் தாய் அவள் வாயில் விழுந்து எழும்பித்தான் வீடு போக வேண்டும். அப்படிப்பட்டவளுடைய காம்பராவின் பின்புறத்தில், விறகு அடுக்கும் இடுக்கில்தான் செவலை என்ற நாய் குட்டி போட்டிருந்தது.

செவலை யாருடைய நாயும் இல்லை என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். அது பொய். மே மாதத்து மண்சரிவில் ஐந்தாம் லயத்தின் பின்சுவர் இடிந்தபோது, அங்கிருந்த குடும்பம் ஒன்று வரக்காப்பொலையில் இருந்த உறவினரிடம் போய்விட்டது. ஆட்டைக் கொண்டுபோனார்கள். கோழிகளைக் கூடையில் அடைத்துக் கொண்டுபோனார்கள். தொலைக்காட்சிப் பெட்டியைப் போர்வையில் சுற்றிப் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்கள். நாயை மட்டும் விட்டுவிட்டார்கள். லொறி திரும்பும் முடக்குவரையில் அது பின்னாலேயே ஓடியதையும், பிறகு நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டதையும் ஜீவராணி கண்ணால் பார்த்தாள். அன்று அவளுக்குப் பற்றிய எரிச்சல் இன்னும் அணையவில்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு விசர்நாய் ஒரு பெண்ணைக் கடித்தது. அதன்பிறகு நகரத்திலிருந்து தகவல் வந்தது: செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி நாய் பிடிக்கும் வண்டி தோட்டத்துக்கு வரும், அன்றைக்கு நாயின் சொந்தக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு தம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், அப்படிப் பிடித்திருக்கும் நாய்க்கு ஊசி போட்டுக் கழுத்தில் பட்டி கட்டுவார்கள், பிடிக்க ஆள் இல்லாத நாய் வண்டியில் ஏறும். வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. பிள்ளைக்காம்பராவின் பக்கம் நாய் நடமாட்டமே கூடாது என்று தோட்டத்து மருந்துச்சாலையின் டிஸ்பென்சர் ஐயாவும் சொல்லிவிட்டார். ஆகவே, ஆறு குட்டிகளுக்கும் அவற்றின் தாய்க்கும், வாசலில் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடிய ஆட்கள் வேண்டும். இல்லையேல் வண்டி.

குட்டிகளில் இரண்டு ஆண், நான்கு பெட்டை. பெட்டைக் குட்டியை யாரும் விரும்பி எடுப்பதில்லை. அதை எடுத்தால் அடுத்த வருஷம் அதன் குட்டிகளையும் சேர்த்து எடுத்ததாக ஆகும் என்பது கணக்கு. இதை அறிந்த ஜீவராணி, வீடு வீடாகப் போய் ஆள் பார்த்துக் கேட்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். கணக்கப்பிள்ளைதான் தடுத்தார்.

"என்னாத்துக்கு ராணியம்மா வீடு வீடா அலையிறீங்க? பெரட்டுல நானே பேர் போட்டுக் குடுத்துர்றேன். அஞ்சு நிமிச வேல."

ஒழுங்கை விரும்பும் அவளுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. யாருக்கு எது என்று எல்லோர் முன்னிலையிலும் தீர்ந்துவிடும். பிறகு யாரும் மழுப்ப முடியாது. அங்கேதான் அவள் பிழைவிட்டாள். தாய்மார் பெரட்டுக்குப் போவதற்கு முன்பே பிள்ளைகளை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததால், பல வருஷங்களாக அவள் அந்தக் களத்தில் நின்றதில்லை. அங்கே மனிதர் எப்படிப் பேசுவார்கள் என்பதை மறந்திருந்தாள்.

பெரட்டுக்களத்தில் கேட்கப்படும் எதற்கும் ஒரே ஒரு பதில்தான் உண்டு. அட்டை மொய்க்கும் சரிவுக்குப் போ என்றாலும் "சரிங்கய்யா"; காய்ச்சலோடு நிற்பவளிடம் இன்னும் இரண்டு கிலோ கூடப் பறி என்றாலும் "சரிங்கய்யா". முடியாது என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு அவள் பெயர் வெட்டப்படும். வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே எல்லோரும் தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு, மலைக்குப் போய், முடிந்ததைச் செய்வார்கள். சொல் களத்துக்கு உரியது, செயல் மலைக்கு உரியது. இது அங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பழக்கம்.

அழகமுத்து ஆறு பெயர்களைப் படித்தார். நான்கு பெட்டைகளும் எதிர்த்துப் பேசாத நான்கு பெண்களின் பெயருக்குப் போயின. ஆண் குட்டிகளில் ஒன்று ஒரு மேஸ்திரியின் வீட்டுக்கு. மற்றது தொழிற்சங்கத் தலைவர் காத்தமுத்துவுக்கு; அவர் கேட்டு வாங்கியது. பழைய தொட்டில் சேலை ஒன்றைக் கிழித்து ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் பச்சைத் துணி ஒன்றைத் தளர்வாகக் கட்டிக் கொடுத்திருந்தாள் ஜீவராணி. அன்று அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை மதியம், பிள்ளைகள் உறங்கும் நேரத்தில், வாசலில் ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. தோட்டத்துப் பாதை கஹவத்தை ரோட்டில் சேரும் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நுஹ்மான் அதிலிருந்து இறங்கினார். கையில் பிஸ்கட் பெட்டி ஒன்று. உள்ளே கழுத்தில் பச்சைத் துணியோடு இரண்டு குட்டிகள்.

"இந்தா தங்கச்சி, ஒங்கட சாமான். ரெண்டு நாளா ஏன்ட கடை வாசல்ல கெடந்து கத்துது. சாமான் வாங்க வாற ஆக்கள், நான்தான் கொணாந்து போட்டமாதிரி என்னயப் பாக்குறாங்க."

யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. விடியும்போது உரச்சாக்கு ஒன்று வாசலில் கிடந்திருக்கிறது. பாலூற்றி வைத்திருக்கிறார். துணியைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்காம்பராவோடு சம்பந்தப்பட்டது என்று ஊகித்திருக்கிறார். ஜீவராணி, கடைப் பின்பக்கத்தில் தற்காலிகமாகவாவது ஒன்றை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். நுஹ்மான் யோசிக்கக்கூட இல்லை.

"இல்ல தங்கச்சி. வெக்க மாட்டேன். நாங்க நாய் வளக்குறல்ல, அது ஒண்டு. மத்தது, றோட்டோரக் கடை. சாக்குல மூணு இருந்திச்சு. ஒண்டு லொறியில அடிபட்டுட்டு. எதிர்ல டயர் ஒட்டுற சோமபாலதான் பொதச்சான். வெக்கிறண்டு சொல்லிட்டு நாளைக்கி இன்னொண்டப் பொதைக்க என்னால ஏலாது."

அவர் போனபிறகும் ஜீவராணி பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். இறந்த குட்டியை நினைத்து ஆத்திரம் எழுந்தது. அந்த ஆத்திரத்துக்கு நடுவிலும் ஒன்று அவளுக்குப் பட்டது: இத்தனை நாளில் "மாட்டேன்" என்ற சொல்லை அவள் காதில் போட்ட முதல் மனிதர் அவர்தான்.

கடைசித் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் கதவைப் பூட்டினாள். நேரே மூன்றாம் லயத்துக்கு, தங்கம்மாவின் காம்பராவுக்குப் போனாள். பெட்டியில் இருந்த இரண்டும் பெட்டை; பெட்டைக் குட்டி வாங்கிய நால்வரில் தங்கம்மாவும் ஒருத்தி. ஜீவராணி பேசத் தொடங்கியதும் பக்கத்து வீட்டுக் கதவுகள் மெல்லத் திறந்தன. குட்டி செத்த பழி யாருடையது என்று அவள் கேட்டாள். பிள்ளை பெற்றவள் ஒருத்தி ஒரு குட்டியைச் சாக்கில் கட்டி ரோட்டில் போட எப்படி மனம் வந்தது என்று கேட்டாள். களத்தில் எல்லோர் முன்பாகவும் சரி என்று சொன்ன வாய் இப்போது ஏன் பூட்டிக்கிடக்கிறது என்றும் கேட்டாள்.

தங்கம்மா சாம்பல் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கும் கோபம் ஏறியிருந்தது.

"நா எங்கக்கா ஒங்கக்கிட்ட சரின்னேன்? கணக்கப்பிள்ள கேட்டாரு, சரின்னேன். அவரு நாயின்னாலும் சரி, நரின்னாலும் சரின்னுதான் சொல்லுவேன். ஏழு பேரு ஒரு காம்பராவுல படுக்கிறோம். கால் நீட்ட எடமில்ல. நீங்க வந்து வாசல்ல நின்னு வேணுமான்னு கேட்டிருந்தா, வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பேன். கேட்டீங்களா?"

மிச்சத்தையும் தங்கம்மாவே சொன்னாள். மூன்று பெண்கள் கூடிப் பேசித்தான் சாக்கைச் சந்திக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடைக்காரர் யாருக்காவது கொடுப்பார் என்று நம்பியிருக்கிறார்கள். ரோட்டின் வேகத்தை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை. குட்டி செத்ததை நினைத்தபோது தங்கம்மாவின் முகம் ஒருமுறை கோணியது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜீவராணியும் அதை எதிர்பார்க்கவில்லை.

நான்காவது பெட்டையை அடுத்த நாள் கொழுந்து லொறியில் கண்டாள். வாங்கியவள் அதைக் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் ஒளித்து மேற்பிரிவுக்கு அனுப்பியிருக்கிறாள். மேற்பிரிவார் மறுநாளே அதே லொறியில் கீழ்ப்பிரிவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இப்படிப் போவதும் வருவதுமாக இருந்ததால், இதற்கும் சம்பளத்துக்குப் பெயர் போடலாமா என்று சாரதி சிரித்தான். ஜீவராணி சிரிக்கவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு, அவன் சிரிப்பு அடங்கும்வரை அவனையே பார்த்துவிட்டு நடந்தாள்.

மேஸ்திரியின் வீட்டு ஆண் குட்டி, மலையடிவாரத்துப் பௌத்தப் பன்சலையின் வாசலில் இருந்தது. ஊரார் கொண்டுவந்து விட்ட நாய்கள் அங்கே ஏற்கனவே நிறைந்திருந்தன. கிழட்டு நாய்களுக்குக் கீழே நசுங்கி ஒடுங்கிக் கிடந்த குட்டியை அவள் எடுத்தபோது, பிக்கு வெளியே வந்து சிங்களத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தங்களுக்கு வேண்டாததை இங்கே கொண்டுவந்து போட்டால் புண்ணியம் கிடைக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இருந்தும், தான் செய்யாத குற்றத்துக்குத் தலைகுனிந்து நின்றாள். அந்தத் தலைகுனிவையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் காத்தமுத்துவின் தோட்டத்துக்கு ஏறினாள்.

காத்தமுத்து லயத்துக்கு மேலே மரவள்ளியும் வற்றாளைக் கிழங்கும் போட்டிருந்தார். பன்றி வந்து கிளறுவதால் வேலி ஓரத்தில் குட்டியைக் கட்டியிருந்தார். கட்டியிருந்தது கயிற்றால் அல்ல, மின்கம்பியால். இரண்டு மாதக் குட்டி பன்றியை விரட்டுமா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. மழையில் நனைந்து, இழுத்து இழுத்து, கம்பி கழுத்தில் இறங்கி, பச்சைத் துணி கறுத்து ஒட்டியிருந்தது. ஜீவராணி வேலியில் சாய்த்திருந்த கத்தியை எடுத்தாள். கம்பி சுற்றியிருந்த கட்டையை வெட்டிப் பிடுங்கி, குட்டியின் கழுத்திலிருந்து கம்பியைப் பிரித்தாள். சத்தம் கேட்டுக் காத்தமுத்து சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்.

"யாரக் கேட்டு வெட்டுறீங்க? எம் பேருக்குக் குடுத்த நாயி அது."

"ஒங்க பேருக்குக் குடுத்தது நாயி. கம்பி இல்ல."

"நாய்க்கிப் போயி இம்புட்டு ஆட்டம் ஆடுறீங்களே. மனுசனுக்கே நாயம் கெடைக்காத எடம் இது."

"அதத்தானே தலைவரே மேடைக்கி மேட பேசுறீங்க. கழுத்துல கம்பிய மாட்டிக் காவலுக்கு நிறுத்துனான் வெள்ளக்காரன்னு. பேசிட்டு வந்து நீங்க என்னா செஞ்சிருக்கீங்க? பாருங்க. குனிஞ்சு பாருங்க."

அவர் குனியவில்லை. ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை.

ஐந்து குட்டிகளையும் தன் லயத்துக் காம்பராவில் செவலையோடு விட்டுவிட்டு, இருட்டுவதற்கு முன்பாகவே கணக்கப்பிள்ளையின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். அழகமுத்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்துவிட்டு, நாய்க்குட்டி விவகாரம் முடிந்துவிட்டது என்று தோட்ட நிர்வாகியான துரைக்குத் தாம் சொல்லிவிட்டதாகவும், இனி அதைக் கிளற வேண்டாம் என்றும், அப்படியே அவள் வற்புறுத்தினால் திங்கட்கிழமை பெரட்டில் இன்னொரு முறை பெயர் போட்டுவிடலாம் என்றும் சொன்னார். இரண்டாம் முறை கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் சரியாகிவிடும் என்பது அவருடைய எண்ணம்.

"பேரு போட்டா நாய்க்கிச் சோறு வந்துருமாங்கய்யா?" என்றாள் ஜீவராணி. "பெரட்டுல எவளும் மாட்டேன்னு சொன்னதில்ல. நீங்க சொல்ல விட்டதில்ல. மாட்டேன்னு சொல்ல வழியில்லாத எடத்துல வாங்குன சரிக்கி என்னா பெறுமதி? அதத் தெரியாம நானும் ஒங்க பேச்சக் கேட்டேன். ஒரு குட்டி செத்துப்போச்சு."

அவர் குரலை உயர்த்தினார். பிள்ளைக்காம்பராவில் நாய் வளர்த்ததே முதல் குற்றம் என்றார். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தன் முதல் யோசனைக்குத் திரும்பினாள். குட்டிகளைக் கையில் எடுத்துக்கொள்ளவில்லை. குட்டியைப் பார்த்து இரங்கிச் சொல்லும் வார்த்தையும் பெரட்டு வார்த்தை போலத்தான் என்று தீர்மானித்திருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, இது பெட்டை, இவ்வளவு தின்னும், இருபத்திரண்டாம் தேதி கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், வருஷாவருஷம் ஊசி போட வேண்டும் என்று சொன்னாள். பிறகு, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன் என்றாள்.

அது லயத்தாருக்குப் பெரும் சங்கடமாகப் போயிற்று. அவளுடைய முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள், பார்ப்போம் என்றார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவர் தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே "ம்" என்று மட்டும் சொன்னார். அவள் விடவில்லை. "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். கோபிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மழுப்பியவர்களிடமெல்லாம் கோபித்தாள். மத்தியானத்துக்குள் அவளுக்குக் கிடைத்தவை வேண்டாம், வேண்டாம், வேண்டாம் மட்டும்தான். ஒவ்வொன்றும் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வெறும் சரியைவிட அந்த வேண்டாம் என்பதில் ஒரு திடம் இருப்பதை அவள் உணர்ந்தாள். தங்கம்மா வாசலுக்கு வந்து, இரண்டாம் முறை கேட்பதற்கு முன்பே, "எனக்கு வேணாங்கா" என்றாள். சொல்லிவிட்டு, தான் அப்படிச் சொன்னதில் அவளுக்கே ஒரு வியப்பு. பிறகு, பட்டி கட்டும் நாளில் பிடிக்க ஆள் போதாவிட்டால் வந்து பிடிப்பேன், அது மட்டும் என்னால் முடியும் என்றாள்.

உண்மையாக எடுக்க நினைத்தவர்களை அடையாளம் காண அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. அவர்கள் உடனே சரி என்று சொல்லவில்லை. திருப்பிக் கேள்வி கேட்டார்கள். விடியுமுன் தனியாக ரப்பர்க்காட்டுக்குப் பால் வெட்டப் போகும் கிருஷ்ணகுமாரி, இது வளர்ந்து குட்டி போட்டால் அவற்றை என்ன செய்வது என்று கேட்டாள். கருத்தடை ஊசி பற்றி ஜீவராணி சொன்னபோது, அதை யார் போடுவது, எங்கே போக வேண்டும் என்று மேலும் கேட்டுவிட்டு, மாலையில் வந்து ஒரு பெட்டையை எடுத்துப் போனாள். கொடகவெலவில் அரிசி ஆலையில் வேலை செய்யும் தினேஷும் அவன் மனைவியும், கழுத்துப் புண் ஆறும்வரை மருந்து கட்டும் விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காத்தமுத்துவிடமிருந்து மீட்ட குட்டியை எடுத்தார்கள். திங்கட்கிழமை, டயர் ஒட்டும் சோமபால தானாகவே பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான். செத்த குட்டியைப் புதைத்ததிலிருந்து மனம் சரியில்லை என்றான். அவன் கைகாட்டியது பெட்டை என்று அவள் சிங்களத்தில் எச்சரித்தபோது, "ஏக்கட கமக் நே", அதனால் பரவாயில்லை என்று சொல்லி, கடையின் முன்பக்கத்துக்கு வேலி அடித்துவிட்டுப் பிறகு வந்து எடுப்பதாகச் சொன்னான். வேலி அடித்துவிட்டுத்தான் வந்தான்.

பிறகும் இரண்டு குட்டிகள் மிஞ்சின. அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஜீவராணி மறுபடி கணக்கப்பிள்ளையின் குவார்ட்டர்ஸுக்குப் போய், எல்லோரிடமும் கேட்டதைப் போலவே அவரிடமும் கேட்டாள். பார்க்கலாம் என்றார். அது பதில் இல்லை என்றாள். வேலைக்காரர்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகமுத்துவின் முகம் சிவந்து, கடைசியில் "வேண்டாம்" என்று வந்தது.

"இவ்வளவுதாங்கய்யா," என்றாள் அவள். "இதச் சொல்றதுக்குத்தான் அவுங்களுக்கும் ஒரு எடம் வேணும்னேன்."

இறுதியாக முடிவானவை இவைதாம். கிருஷ்ணகுமாரிக்கு ஒரு பெட்டை, சோமபாலவுக்கு ஒரு பெட்டை, தினேஷ் குடும்பத்துக்கு ஓர் ஆண் என மூன்று குட்டிகள் வீடு சேர்ந்தன. மிஞ்சிய ஆணையும் பெட்டையையும் செவலையையும் ஜீவராணியே தன் பெயருக்கு எடுத்துக்கொண்டாள். அவை பிள்ளைக்காம்பராவின் பக்கம் வராமல் அவளுடைய லயத்து வாசலில் கட்டப்பட வேண்டும் என்று டிஸ்பென்சர் ஐயா விதித்த நிபந்தனையை ஏற்றாள். இருபத்திரண்டாம் தேதி காலை வண்டி வந்தபோது செவலையை அவளும், ஒரு குட்டியை அவளுடைய மகளும், மற்றதைத் தங்கம்மாவும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றுக்கும் ஊசி போட்டுப் பட்டி கட்டப்பட்டது. செவலைக்கு அடுத்த மாதம் கால்நடை வைத்தியரிடம் கருத்தடை ஊசி போடுவது என்றும், பெட்டைக் குட்டிகள் வளர்ந்ததும் அவற்றுக்கும் போடுவது என்றும் எடுத்தவர்களோடு பேசி முடிவுசெய்யப்பட்டது. காத்தமுத்துவுக்கு இனி எந்த நாயும் கொடுப்பதில்லை என்று ஜீவராணி தீர்மானித்தாள். அதை அவரிடமே சொன்னாள். பெரட்டுக்களத்தில் மலை வேலையைத் தவிர வேறு எதற்கும் யாருக்கும் பெயர் போடுவதில்லை என்று கணக்கப்பிள்ளை ஒப்புக்கொண்டார். துரைக்குத் தாம் முதலில் சொன்னதைத் திருத்திச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. ஆகவே, விவகாரம் அன்று முடியவில்லை, ஒரு குட்டி செத்தது என்பதை ஜீவராணியே போய்த் துரையிடம் சொன்னாள்.